மேனேஜ்மென்ட் சாட்சி

பஞ்சாபகேசனின் கேஸ் எத்தனை வருஷமாக நடக்கிறது என்று யாராவது கேட்டால் அவர் வருஷக் கணக்குச் சொல்வதில்லை. வக்கீல் சுப்ரியாவைக் காட்டுவார். கேஸை எடுத்தபோது அவள் கல்யாணமாகாத ஜூனியர். பிறகு கல்யாணம் ஆயிற்று, பிரசவத்துக்குப் போனாள், திரும்பி வந்தாள். இப்போது அவள் பையன் ஸ்கூல் வேனில் ஏறமாட்டேன் என்று அழுது, அம்மாவைக் கோர்ட்டுக்குத் தாமதமாக அனுப்பி வைக்கிறான். லேபர் கோர்ட் மட்டும் அதே வராந்தா, அதே ஆடுகிற பெஞ்சு, அதே முனகுகிற மின்விசிறியோடு இருக்கிறது.

பஞ்சாபகேசன் கண்டக்டர். கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில் பிறந்தவன் பேங்க்குக்குப் போவான், ஏஜீஸ் ஆபீஸுக்குப் போவான், ஒன்றும் தகையாவிட்டால் கோயிலில் ஏதாவது ஒரு வேலையில் ஒட்டிக்கொள்வான். இவர் தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பொன்முடி மலைக்குப் போனார். தெருவில் அவருக்கு ‘டபுள் பெல் சாமி’ என்று பேர் வைத்தார்கள். அவர் அதற்குக் கோபித்துக்கொண்டதே இல்லை. வளைந்து வளைந்து ஏறுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கொடுப்பது எந்த பேங்க் மேனேஜருக்கும் வராது என்று அவருக்கு உள்ளூர ஒரு கர்வம் உண்டு. பஸ் கோர்ப்பரேஷன் அவரை வேலையிலிருந்து நீக்கிய பிறகு கர்வம் போயிற்று, பேர் மட்டும் நின்றது. இப்போது கிழக்கேகோட்டையில் சித்தப்பா பிள்ளையின் பூஜை சாமான் கடையில் உட்கார்ந்து கற்பூரமும் திரியும் விற்கிறார்.

வருகிற மே மாதம் அவருக்கு ரிட்டயர்மென்ட் வயது. அதற்குள் தீர்ப்பு வந்தால் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு டிப்போவுக்குள் போகலாம். சில நாளாவது வேலை பார்த்துவிட்டு, மற்றவர்களைப் போலக் கழுத்தில் மாலையோடு வெளியே வரலாம். வராவிட்டால் அவர் சாகிற வரைக்கும் ‘டிஸ்மிஸ் ஆனவர்’தான். பணம் காசெல்லாம் வக்கீலின் கவலை. அவருக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தை தன் பெயரைவிட்டுப் போவதுதான். ராத்திரி தூக்கம் வராதபோது அதை நினைத்துக்கொண்டு கிடப்பார்.

நடந்தது இவ்வளவுதான். கல்லாறு ஸ்டாப்பில் லீலாபாய் என்கிற பெண் இறங்கிக்கொண்டிருந்தாள். மலை பார்க்க வருகிறவர்களுக்கு ஆற்றோரத்தில் உப்பிலிட்ட நெல்லிக்காய் விற்கிறவள். ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலும் இருக்கும்போது பஸ் நகர்ந்துவிட்டது. விழுந்ததில் இடுப்பெலும்பு ஒடிந்தது. கண்டக்டர் டபுள் பெல் கொடுக்காமல் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது என்பது பஸ் உலகத்தின் சட்டம். ஆகையால் என்கொயரியில் ஒரே கேள்விதான்: பெல் அடித்ததா, இல்லையா? அடித்தது என்றால் தப்பு கண்டக்டருடையது. அடிக்கவில்லை என்றால் டிரைவருடையது. கண்டக்டர் பஞ்சாபகேசன் அடிக்கவில்லை என்றார். டிரைவர் ராஜமணி, தன் காதால் கேட்டதாகச் சொன்னார். பஸ்ஸிலிருந்த மற்றவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. மூச்சு விடுவதை யார் கவனிக்கிறார்கள்? என்கொயரி ஆபீசர் டிரைவரை நம்பினார்.

இதில் ஒரே ஒரு சங்கடம். ராஜமணிக்குக் காது கேட்காது.

அது பஞ்சாபகேசன் ஒருவருக்குத்தான் தெரியும். ஆயுசு முழுக்க எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ராஜமணிக்கு முதலில் இடது காது போயிற்று, பிறகு வலதும் மங்கிக்கொண்டே வந்தது. ஒரு நாள் நிறுத்தச் சொல்லி அடித்த பெல்லைக் கேட்காமல் ஸ்டாப்பைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டார். இறங்க வேண்டியவர்கள் கத்தினார்கள், அதுவும் கேட்கவில்லை. பஞ்சாபகேசன் முன்னால் போய் அவர் முகத்தைப் பார்த்தார். ராஜமணியின் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. மெடிக்கல் செக்கப்பில் டாக்டரின் வாயைப் பார்த்தே பதில் சொல்லித் தப்பித்து வந்திருக்கிறார். வெளியே தெரிந்தால் ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள். அப்போது அவர் மகள் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே இரண்டு பேரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். டிரைவர் தலைக்கு மேலே ஒரு கண்ணாடி இருக்கிறதல்லவா, உள்ளே இருப்பவர்களைப் பார்க்க? பஞ்சாபகேசன் வலது கையைத் தூக்கினால் போகலாம். கையை விரித்துக் காட்டினால் நிறுத்த வேண்டும். ஊருக்காகக் கயிற்றையும் இழுத்து மணியை அடித்துவிடுவார். டிப்போவில் இந்த ஜோடியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள்கூட உண்டு. அத்தனை ஒத்துமை. மலையாளிகளுக்கு நடுவில் இரண்டு பேரும் தமிழ்க்காரர்கள், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். மற்ற நேரங்களில் பஞ்சாபகேசன் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவார், ராஜமணி அதைப் படித்துக்கொள்வார். யாராவது பின்னாலிருந்து ராஜமணியைக் கூப்பிட்டால் தோளில் ஒரு தட்டுத் தட்டுவார். பழகப் பழக அவருக்கே அது ஒரு வேலையாகத் தோன்றாமல் போய்விட்டது.

கல்லாற்றில் அன்று லீலாபாய், மேலே தட்டில் இருந்த தன் கூடையை எடுத்துத் தரச் சொன்னாள். பஞ்சாபகேசன் கூடையை எடுக்க வலது கையைத் தூக்கினார். கண்ணாடியில் ராஜமணி அந்தக் கையைப் பார்த்தார். வண்டியை எடுத்துவிட்டார். அதற்குள் அவள் கூடை பின்னால் வரும் என்று நம்பிப் படியில் இறங்கத் தொடங்கியிருந்தாள். வேறு எந்த டிரைவராக இருந்தாலும், வேறு எந்தக் கண்டக்டராக இருந்தாலும், கூடையை எடுக்கத் தூக்கிய கைக்கு ஒரு பஸ் நகர்ந்திருக்காது.

என்கொயரியில் ராஜமணி ‘கை தூக்கினார், எடுத்தேன்’ என்று சொல்ல முடியுமா? பெல் கேட்டது என்றார். பஞ்சாபகேசன், தான் அடிக்கவில்லை என்று உள்ளதைச் சொன்னார். ஆனால் ராஜமணிக்குக் காது கேட்காது என்பதை மட்டும் சொல்லவில்லை. மிஞ்சிப்போனால் ஓர் இன்க்ரிமென்டை வெட்டுவார்கள், தொலையட்டும் என்று நினைத்தார். கோர்ப்பரேஷன் கழுத்தை வெட்டிவிட்டது. விபத்தைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததற்கு யாரோ பெரிய இடத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்ததாம், ஒரு தலை வேண்டியிருந்ததாம். அதன் பிறகு உண்மையைச் சொல்லலாம் என்றால், சொன்னால் இருவருமாகச் சேர்ந்து ஜனங்களின் உயிரோடு விளையாடினதாக ஆகும். அதுவும் பொய்யில்லையே. ஆகவே அவர் சும்மா இருந்தார். அப்பீல் அதிகாரிகளுக்கு எழுதின மனுக்களைப் பற்றிப் பேசும்போது செவிடன் காதில் ஊதின சங்கு என்று வாயில் வரும். ராஜமணியை நினைத்து அந்தப் பழமொழியை மட்டும் விழுங்கிவிடுவார்.

ராஜமணி அவ்வப்போது பாறசாலையிலிருந்து ஏத்தன் வாழைக்குலையோ கப்பைக்கிழங்கோ தூக்கிக்கொண்டு அக்ரஹாரத்துக்கு வருவார். கூடத்தில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் காப்பியைக் குடித்துவிட்டுப் போவார். பஞ்சாபகேசனுக்குச் சில நாள் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னால் என்ன இந்த மனுஷன், என்று இருக்கும். அவர் மனைவி அனந்தலக்ஷ்மிக்கு இந்தக் காது விவகாரம் தெரியாது. ராஜமணி தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பொய் சொன்னான், இவர் அசடாட்டம் காப்பி கொடுக்கிறார், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. அவள் காப்பியைக் கலந்து சமையலுள்ளிலிருந்து நீட்டுவாள், கூடத்துக்கு வரமாட்டாள்.

கேஸ் இழுத்துக்கொண்டே போயிற்று. ஒரு வழியாகப் போன வருஷம் கோர்ட், பழைய என்கொயரி ஒழுங்காக நடக்கவில்லை என்று அதைத் தள்ளிவிட்டது. லீலாபாயைக் குறுக்கு விசாரணை செய்யவே விடவில்லை என்பது காரணம். சுப்ரியா அன்று அவருக்கு ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுத்தாள். ஆனால் அதோடு முடிந்துவிடவில்லை. இனிமேல் கோர்ட்டிலேயே சாட்சி சொல்லவைத்துக் குற்றத்தை நிரூபிக்கலாம் என்று கோர்ப்பரேஷனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். பெல் அடித்தது என்று சொல்ல அவர்களிடம் இருந்தது ஒரே சாட்சி, ரிட்டயர் ஆகிப் பாறசாலையில் வாழைத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ராஜமணி. ஒரு தடவை சம்மன் போகவில்லை, ஒரு தடவை கோர்ப்பரேஷன் வக்கீலுக்கு ஜுரம், ஒரு தடவை ஹர்த்தால். கடைசியில் ஜட்ஜுக்கே அலுத்துப்போய், அடுத்த வாய்தாவில் சாட்சி வராவிட்டால் மேனேஜ்மென்ட் தரப்பை முடித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். சாட்சி இல்லையென்றால் குற்றம் இல்லை, குற்றம் இல்லையென்றால் வேலை உண்டு என்று சுப்ரியா விரலை மடக்கிக் காட்டினாள். வந்து பெல் கேட்டது என்று மறுபடியும் சொல்லிவிட்டால், என்று இவர் கேட்டார். அவள் மடக்கின விரலை நீட்டிவிட்டாள். இந்த டிரைவருக்கும் உங்களுக்கும் அப்படி என்ன விரோதம் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார் அவர்.

அந்த வாய்தா நாள் காலையில் அனந்தலக்ஷ்மி அவருக்கு இட்டிலியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். கேஸ் தொடங்கின காலத்தில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தவள் இப்போது அதையெல்லாம் விட்டுவிட்டாள்.

“சாட்சிக்காரன் கால்ல விழறதுக்குச் சண்டைக்காரன் கால்ல விழலாம்னு சொல்லுவா,” என்றாள். “நீங்க ரெண்டு பேர் கால்லயும் விழமாட்டேள். போயிட்டுப் போயிட்டு வரேள். எனக்கு க்ஷீணமா இருக்குன்னா. இன்னிக்கு எப்படியானாலும் இது முடியட்டும்.”

அவருக்கும் அதேதான். ஜெயிக்க வேண்டும் என்பதைவிட முடிய வேண்டும் என்பது எப்போதிருந்து பெரிதாகிப்போனது என்று யோசித்துக்கொண்டே வெளியே இறங்கினார். பகவதி கோயில் பொங்கலுக்குப் பெண்கள் இடம் பிடித்து ரோட்டோரமெல்லாம் அடுப்புக்குச் செங்கல் அடுக்கியிருந்தார்கள். அதைத் தாண்டித் தாண்டி நடந்து பஸ் பிடித்து கோர்ட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

வராந்தாவில் ஆடுகிற பெஞ்சின் ஓரத்தில் ராஜமணி உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, சர்ச்சுக்குப் போடுகிற சட்டை. வராமல் இருந்துவிடுவார் என்று பஞ்சாபகேசன் மனதின் எங்கோ ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தார் போலும். பார்த்ததும் அந்த நம்பிக்கை போயிற்று. ஆனால் கால் பழக்கதோஷத்தில் நேரே அங்கே போய் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தது.

கோர்ப்பரேஷனின் லா செக்ஷனிலிருந்து வந்திருந்த மஹேஷ் என்கிற இளைஞன், சாட்சியை இங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு ஏதோ காகிதத்தைப் போட்டோஸ்டாட் எடுக்கப் போயிருக்கிறானாம். ராஜமணி சொன்னார். வீட்டில் சௌக்கியமா என்று கேட்டார். பஞ்சாபகேசன் வழக்கம்போல உதட்டை மட்டும் அசைத்து, சௌக்கியம் என்றார். வாழைக்குக் காட்டுப்பன்றி வருகிறது என்று ராஜமணி சொன்னார். இவர் தலையாட்டினார். உள்ளே போய் என்ன சொல்லப் போகிறீர் என்று இவர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்பதற்கு அதைத் தவிர வேறு ஒன்றும் இல்லாததால் இரண்டு பேரும் சுவரில் ஒட்டியிருந்த பழைய கேஸ் லிஸ்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுப்ரியா அரக்கப் பரக்க வந்தாள். உள்ளே நிற்க இடமில்லை, கூப்பிட்டால் வந்தால் போதும் என்று அவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பக்கத்தில் இருப்பவர்தான் ராஜமணி என்று அவளுக்குத் தெரியாது, அவரை அவள் பார்த்ததே இல்லை. பஞ்சாபகேசனும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கேஸ் எடுத்துவிட்டார்கள். நம்பர் சொல்லிக் கூப்பிடுவது வராந்தாவில் கேட்டது. பிறகு பியூன் கதவருகே வந்து, “ராஜமணி!” என்று விளித்தான்.

பஞ்சாபகேசனின் கை தூக்கிக்கொண்டது. அதற்கு யோசனையெல்லாம் கிடையாது. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் அந்தக் கை அந்தத் தோளுக்குப் போகும், எத்தனையோ வருஷமாக அதுதான் அதன் வேலை. தோளுக்கு ஒரு சாண் முன்னால் போனதும் அவர் அதைப் பார்த்தார். ராஜமணி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு சலனம் இல்லை. அவருக்குக் கேட்கவில்லை.

தட்டினால் எழுந்து உள்ளே போவார். போனால் பெல் கேட்டது என்பார், வேறு என்ன சொல்வார்? தட்டாவிட்டால் சாட்சி இல்லை. சாட்சி இல்லையென்றால் குற்றம் இல்லை. சுப்ரியாவின் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின.

“ராஜமணி!” என்று பியூன் இரண்டாவது தடவை விளித்தான்.

பஞ்சாபகேசன் கையை இழுத்துக்கொண்டு, மடியில் வைத்திருந்த பையின் ஜிப்பை மூடினார். அது ஏற்கனவே மூடித்தான் இருந்தது. மூன்றாவது தடவையும் விளித்தார்கள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட ஆறுதல் அதிகமாக இருந்தது. பியூன் உள்ளே போய்விட்டான். வெளியே ஒருவன் மோர் விற்றுக்கொண்டு போனான். எல்லாம் முடிய அவ்வளவு நேரம்தான் ஆயிற்று. இத்தனை வருஷம் இழுத்தது ஓர் ஆள் தொண்டையைச் செருமிக்கொள்கிற நேரத்தில் தீர்ந்துபோனது.

சுப்ரியா முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தாள். சாட்சி ஆஜராகவில்லை, மேனேஜ்மென்ட் தரப்பை மூடியாயிற்று, கோர்ப்பரேஷன் வக்கீல் இன்னொரு வாய்தா கேட்டதற்கு ஜட்ஜ் எரிந்து விழுந்தார், வாதம் சொல்லி முடித்து மே மாதத்துக்கு வெகு முன்னாலேயே தீர்ப்பு வாங்கிவிடலாம், காக்கித் துணி எடுத்துத் தைக்கக் கொடுங்கள் என்று மலையாளத்தில் மூச்சுவிடாமல் சொன்னாள். அப்புறம்தான் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, இது யார் என்று கேட்டாள். பழைய சிநேகிதர் என்றார் பஞ்சாபகேசன். அதில் பொய் இல்லை என்பதுதான் கொடுமை.

அந்த நேரம் பார்த்து மஹேஷ் வந்தான். கையில் போட்டோஸ்டாட், வாயில் இன்னும் சர்பத்தின் வாசனை. விஷயம் தெரிந்ததும் அவன் முகம் வெளுத்துப்போனது. நேரே ராஜமணி முன்னால் வந்து நின்றான். சம்மனை வாங்கிக்கொண்டு, வந்தும் உட்கார்ந்திருந்துவிட்டு, விளித்தபோது வாயில் கொழுக்கட்டையா என்கிற மாதிரி கத்தினான். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். சுப்ரியாவின் சிரிப்பு நின்றது. அவள் பஞ்சாபகேசனைப் பார்த்தாள்.

ராஜமணி மெதுவாக எழுந்து நின்றார். முண்டு மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

“எனக்குச் செவி கேக்காது, சாரே,” என்றார். “இப்ப இல்ல. வண்டி ஓட்டும்போதே கேக்காது.”

யாரிடமும் சொல்லாமல், டாக்டரிடம் சொல்லாமல், என்கொயரியில் சொல்லாமல், கட்டினவளிடம்கூட வெகுநாள் சொல்லாமல் காத்த ஒன்றை, வராந்தாவில் நின்று கோர்ப்பரேஷனின் ஆளிடமே சொல்லிவிட்டார். பஞ்சாபகேசனுக்கு உட்கார்ந்திருந்த பெஞ்சு இன்னும் கொஞ்சம் ஆடினாற்போல் இருந்தது.

மஹேஷ் முட்டாள் இல்லை. மறுபடியும் கத்துவதற்குத் திறந்த வாயை மூடிக்கொண்டான். மனு கொடுத்துச் சாட்சியை மறுபடியும் உள்ளே கூட்டிக்கொண்டு போகலாம். ஆனால் காது கேட்காத ஆளைக் கூண்டில் ஏற்றி, டபுள் பெல் கேட்டதா என்று யார் கேட்பது? செவிட்டு டிரைவரிடம் வண்டியைக் கொடுத்தது யார் என்று ஜட்ஜ் கேட்டால் யார் பதில் சொல்வது? அவன் போட்டோஸ்டாட்டை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தான் யாரையும் பார்க்கவில்லை என்பது போல் நடந்து போய்விட்டான். சுப்ரியா மட்டும் நின்றாள். இதை முதல் நாளே தன்னிடம் சொல்லியிருந்தால், என்று ஆரம்பித்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமல் விட்டுவிட்டாள். பையனை அழைக்கப் போக வேண்டும் என்று சொல்லி இறங்கிப் போனாள்.

இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் கிழக்கேகோட்டைக்கு வந்தார்கள். பாறசாலை வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. ஸ்டாண்டில் நிழல் விழுந்த ஒரு சிமென்ட் திட்டில் உட்கார்ந்தார்கள். பஞ்சாபகேசன் இரண்டு சாயா வாங்கி வந்தார். ஜெயித்துவிட்டோம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். அது யாரோ பக்கத்து வீட்டுக்காரனின் செய்தியாகப் பட்டது. தட்டாமல் விட்டதை ராஜமணி அறியமாட்டார், அறியவே வேண்டாம், அது தன்னோடு போகட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

ராஜமணி சாயாவைக் குடித்து முடித்தார். பிறகு வலது காதுக்குள் விரலை விட்டு, ஒரு பட்டாணி அளவுக்கு எதையோ எடுத்தார். முண்டின் ஓரத்தால் அதைத் துடைத்தார்.

“மக வாங்கித் தந்தது,” என்றார். “இடது செவிக்கு இனி ஒண்ணும் செய்ய ஒக்காதாம். வலதுல இத வச்சா கொஞ்சம் பிடிக்கும்.”

மறுபடியும் அதைக் காதில் பொருத்திக்கொண்டார்.

“விளிச்சது கேட்டுது, சாமி. மூணு தடவையும் கேட்டுது.”

பஞ்சாபகேசன் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார். வைக்கிற இடம் தெரியாமல் இரண்டு தடவை வைத்தார். ஏன் எழுந்திருக்கவில்லை என்று கேட்காததற்கே ராஜமணி பதில் சொன்னார்.

“எழும்பிப் போனா ஒண்ணு பொய் சொல்லணும். இல்லேன்னா முன்ன சொன்னது பொய்னு சொல்லணும். ரெண்டுக்கும் எனக்குத் தெம்பு இல்ல. உங்களுக்கக் காரியம் நடக்கணும்னும் இருந்துது. ஆனா முதல் தடவ விளிச்சப்போ எழும்பத்தான் நெனச்சேன்.” முண்டின் ஓரத்தை நீவிவிட்டார். “நீங்க எப்பவும்போலத் தட்டுவியன்னு இருந்தேன். தட்டியிருந்தா போயிருப்பேன்.”

“போய் என்ன சொல்லியிருப்பீர்?”

ராஜமணி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

“தெரியல்ல, சாமி.”

ஸ்டாண்டில் வண்டிகள் வந்தும் போயும் இருந்தன. ராஜமணியின் குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. இருந்திருந்தால் பஞ்சாபகேசன் என்கொயரியை எடுத்துப் பேசியிருப்பார், கற்பூரம் விற்ற வருஷங்களையெல்லாம் எடுத்துக் கொட்டியிருப்பார். கோபப்படுவதற்கு இத்தனை காலம் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் இப்போது எடுத்துப் பார்த்தால் அவருக்கே உதவாமல் போயிற்று. இந்த மனுஷன் பெல் கேட்டது என்று சொன்னது பயத்தில். தான் கையை இழுத்துக்கொண்டதும் அதே பயத்தில்தான். ஒரே ஒரு தடவை ராஜமணிக்குக் காதாக இருக்காமல் விட்ட அன்றைக்குத்தான் அவருக்குக் காது வந்திருக்க வேண்டுமா? அழுகை வந்தது. பஸ் ஸ்டாண்டில், சாயாக் கிளாஸோடு, டபுள் பெல் சாமி அழுதான் என்று தெருவில் போய்ச் சொல்ல ஆள் இருக்கும் என்று அடக்கிக்கொண்டார்.

அவர் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். ராஜமணிக்குத் தெரியக் கூடாத எதையாவது சொல்வதானால் பஸ்ஸில் அப்படித்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வார். உதடு தெரியாவிட்டால் போதும்.

“தட்டியிருக்கணும் ராஜமணி,” என்றார். “நான் தட்டியிருக்கணும்.”

சொன்ன பிறகுதான், இப்போது முகத்தைத் திருப்பி ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது அவருக்கு உறைத்தது. மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். ராஜமணி பாறசாலை வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சர்வீஸில் இருந்தபோது கேட்காததைக் கேட்ட மாதிரி காட்டிக்கொண்டவர், கேட்டதைக் கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்தார்.